சூத்தை இல்லாத பல்லில் ஏன் சிதல்? வேர் முற்றாத பற்களும் அவற்றுக்கான சிகிச்சையும்

பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை. கீழ்த்தாடையில் கன்னப்பக்க முரசில் அரிசியளவு கொப்புளம் ஒன்று. அமத்தினால் சிதல் வருகிறது. அதற்கு நேரே இருக்கும் பல்லில் சூத்தை இல்லை, அடைத்த அடையாளமும் இல்லை. பிள்ளை விழுந்து அடிபட்டதாகவும் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. முளைத்து ஒரு வருடம்கூட ஆகாத புதுப்பல். வீட்டில் "இனிப்புத் தின்றுதான் கெடுத்துப்போட்டாய்" என்று பிள்ளைக்குப் பேச்சு விழும். ஆனால் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பல் தாடைக்குள் உருவாகும்போதே நடுவில் ஒரு சிறு கொம்போடு உருவாகியிருக்கலாம். கொம்பு உடைந்த இடத்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது.

இங்கே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. பல்லின் பிறவி வடிவம் கிருமிக்கு வழி திறந்துவிட்டது. அது நடந்த நேரத்தில் பல்லின் வேர் இன்னும் வளர்ந்து முடியவில்லை. பெரியவர்களுக்குச் செய்யும் வேர்ச் சிகிச்சையை அப்படியே இந்தப் பல்லுக்குச் செய்ய முடியாது என்பதற்கு இரண்டாவதுதான் காரணம். "பிடுங்கிவிடுவோம்" என்ற முடிவு அவசரமாக எடுக்கப்படுவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். பிடுங்காமல் காப்பாற்ற வழிகள் இருக்கின்றன. எந்த வழி என்பது ஒரேயொரு கேள்வியில் தொடங்குகிறது: பல்லின் உள்ளே இருக்கும் சதை உயிரோடு இருக்கிறதா, இறந்துவிட்டதா?

கொம்பு எப்படி இருக்கும்

இதற்கு வைத்தியர்கள் சொல்லும் பெயர் டென்ஸ் இவாஜினேற்றஸ். அதிகமாக வருவது கீழ்த்தாடையின் முன்கடைவாய்ப்பற்களில், அதிலும் இரண்டாவதில். முன்பல் நடுக்கோட்டிலிருந்து எண்ணினால் நான்காவதும் ஐந்தாவதும் அந்தப் பற்கள். மெல்லும் பரப்பின் நடுவில், இரண்டு முகடுகளுக்கும் இடையில், முளைவிட்ட பயறு போல ஒரு கூம்பு எழுந்து நிற்கும். உயரம் இரண்டு மில்லிமீற்றர் அளவில் இருக்கும், சிலவற்றில் அதைவிடச் சற்றுக் கூட. வெளியே எனாமல் என்ற வெள்ளை ஓடு, உள்ளே டென்டீன் என்ற மஞ்சள் படை. பல கொம்புகளில் அதற்குள்ளும் நூல்போலப் பற்கூழ் ஏறியிருக்கும். நாங்கள் பேச்சில் "பல் நரம்பு" என்பது இந்தப் பற்கூழைத்தான். அதில் நரம்பு மட்டுமல்ல, இரத்தக்குழாயும் டென்டீனைக் கட்டும் கலங்களும் இருக்கின்றன.

பல் முளைத்து மேற்பல்லோடு முட்டத் தொடங்கியதும் முதல் அடி இந்தக் கொம்பில்தான் விழும். நல்லூர்த் திருவிழாவில் வாங்கிய கச்சான், பருத்தித்துறை வடை, புழுக்கொடியல் என்று ஏதாவது ஒரு கடியில் அது முறியலாம். முறியாவிட்டாலும் மாதக்கணக்கில் தேய்ந்து தட்டையாகிவிடும். பெரும்பாலும் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. தெரிந்தாலும் ஒரு நாள் கூச்சமாகப் போய்விடும்.

உடைந்த இடத்தை ஒருமுறை அடையாளம் பிடித்துவிட்டால் பிறகு தவறவிடமாட்டீர்கள். பல்லைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் மெல்லும் பரப்பின் நடுவைப் பாருங்கள். ஒரு சிறு வட்டம் தெரியும். வட்டத்தின் விளிம்பு வெள்ளையான எனாமல், உட்பக்கம் மங்கிய மஞ்சளான டென்டீன், சிலவேளை நடுவில் ஊசிமுனை அளவு கரும்புள்ளி. அந்தப் புள்ளிதான் பற்கூழுக்குப் போகும் வாசல். எச்சில் ஈரத்தில் இது தெரியவே தெரியாது. "பல்லில் ஒன்றுமில்லையே" என்று திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகளில் பலருக்குப் பல்லை உலர்த்திப் பார்க்காததுதான் பிழை.

சீனர், யப்பானியர், மலாயர், ஆர்க்டிக்கின் இனூயிற் மக்கள் ஆகியோரிடையே இது கூடுதலாகக் காணப்படுகிறது. எங்கள் பக்கத்தில் குறைவு. குறைவு என்பதாலேயே எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. ஒரு பக்கத்தில் இருந்தால் மறுபக்கத்துச் சோடிப் பல்லிலும் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

இதன் எதிர்வடிவம் டென்ஸ் இன்வாஜினேற்றஸ். இதில் எனாமல் வெளியே முளைக்காமல் உள்ளே மடிந்து இறங்கும். மேல்தாடையில் நடுப் பல்லுக்குப் பக்கத்திலுள்ள இரண்டாம் வெட்டும்பல்லில்தான் அதிகம். பல்லின் பின்புறம் அண்ணப்பக்கமாக ஆழமான ஒரு குழி இருக்கும். உணவும் கிருமியும் அதில் தங்கி மெல்லிய சுவரைத் தாண்டிவிடும். முன்பல்லின் பின்புறத்தில் கழுகு நகம்போல வளைந்த மேலதிக முகடு வருவதும் உண்டு. அதற்கு ரலன் கஸ்ப் என்று பெயர். சிகிச்சையின் தர்க்கம் மூன்றுக்கும் ஒன்றுதான் என்பதால், கீழ் முன்கடைவாய்ப்பல்லை வைத்தே மீதியை விளக்குகிறோம்.

கவிழ்ந்த நீத்துப்பெட்டி

பல் முரசை விட்டு வெளியே வந்தால் அது முழுப் பல் என்று நினைக்கிறோம். வெளியே வரும்போது வேர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் முடிந்திருக்கும். நுனி முற்றி மூடுவதற்கு இன்னும் இரண்டு, மூன்று வருடங்கள் வேண்டும். கீழ் முன்கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயதுக்குள் முளைத்து, வேர் 12 முதல் 14 வயதில் முடியும். மேல் இரண்டாம் வெட்டும்பல் 8 அல்லது 9 வயதில் முளைக்கும். அதன் வேர் 11 வயதளவில் முடியும்.

நீத்துப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் அகலம், அடி கூர். முற்றிய வேரின் உட்குழாயும் அப்படித்தான்: மேலே அகன்று, நுனியில் அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த ஒரு துவாரமாக ஒடுங்கும். முற்றாத வேரோ கவிழ்த்துவைத்த நீத்துப்பெட்டி. நுனிப்பக்கம்தான் அகலம், சுவர்களோ மெல்லிய ஓடு.

இந்த வேரைக் கட்டி முடிப்பவை மூன்று. உள்ளே இருக்கும் பற்கூழ் சுவருக்கு உட்பக்கமாக டென்டீனைப் பூசிப் பூசித் தடிக்கச் செய்கிறது. வேர் நுனிக்கு அப்பால் இருக்கும் மென்மையான பப்பிலா என்ற சதைத் திரளில் தண்டுக்கலங்கள் இருக்கின்றன. வேரின் நீளம் எங்கே போகவேண்டும் என்று வழிகாட்டுவது ஹேர்ட்விக் உறை என்ற மெல்லிய கலப்படலம். பற்கூழ் இறந்தால் பூச்சு வேலை அன்றோடு நின்றுவிடும். பதினொரு வயதில் இறந்த பல், நாற்பது வயதிலும் பதினொரு வயதுச் சுவரோடுதான் நிற்கும். கிருமி நுனிக்கு அப்பாலும் போய் மற்ற இரண்டையும் அழித்துவிட்டால் நீளமும் நின்றுவிடும்.

வழக்கமான வேர்ச் சிகிச்சை ஏன் தோற்கிறது என்பது இப்போது விளங்கும். அந்தச் சிகிச்சையில் குழாயை ஃபைல் என்ற மெல்லிய அரத்தால் சுரண்டி, கழுவி, கட்டாபேர்ச்சா என்ற பிசின் குச்சியை இறுக்கி அடைப்பார்கள். ஏற்கனவே ஓடுபோல இருக்கும் சுவரைச் சுரண்டினால் அது இன்னும் மெலியும். நுனியில் ஒடுக்கம் இல்லாததால் அடைக்கும் பொருள் எதிலும் தட்டி நிற்காது, எலும்புக்குள் போய்விடும். அடியில் சில்லுப் போடாத புட்டுக்குழலில் மா நிற்குமா?

உயிரோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. பெரியவர் பல்லில் நம்பகமாக வேலைசெய்யும் மின்சோதனை, முற்றாத பல்லில் பொய் சொல்லும். வேகமாக வலியைக் கடத்தும் நரம்பு இழைகள் பல் முளைத்துச் சில வருடங்களுக்குப் பிறகே முழுதாக அமைகின்றன. ஆகவே நல்ல உயிருள்ள பல்கூட மின்சாரத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். குளிர்ச் சோதனை அதைவிடப் பரவாயில்லை. எதைச் செய்தாலும் மறுபக்கத்துச் சோடிப் பல்லில் முதலில் செய்து, பிள்ளையின் பதிலைத் தெரிந்துகொண்டு, பிறகே சந்தேகப் பல்லில் செய்யவேண்டும்.

எக்ஸ்றே அவசியம். அதிலும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. வளரும் வேரின் நுனியில் பப்பிலா இருக்கும் இடம் இயல்பாகவே கருமையான வட்டமாகத் தெரியும். அதைச் சிதல் கட்டியென்று எண்ணி உயிருள்ள பல்லைத் திறந்துவிடக்கூடாது. இதற்கும் மறுபக்கப் பல்லின் எக்ஸ்றேதான் அளவுகோல். மற்றப் பொறி, படம் தட்டையானது என்பது. முன்பின்னாகப் பார்க்கும்போது மூடியதுபோலத் தெரியும் நுனி, கன்னப்பக்கத்துக்கும் நாக்குப்பக்கத்துக்கும் இடையில் அகலத் திறந்திருக்கலாம்.

முரசில் கொப்புளம், தட்டினால் நோ, வேருக்குப் பக்கத்தில் மட்டும் ஆழமாக இறங்கும் முரசுப் பை, மறுபக்கத்துச் சோடிப் பல்லின் வேர் வளர இந்தப் பல்லின் வேர் நின்றுவிட்டது என்பன சேர்ந்து வந்தால் பற்கூழ் இறந்துவிட்டது என்று முடிவெடுக்கலாம். ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவெடுப்பது இந்தப் பல்லுக்குப் பொருந்தாது.

கொம்பு உடையாமல் இருந்தால்

இதுதான் பிடிக்கவேண்டிய கட்டம். மலிவும் இதுதான், பிள்ளைக்கு நோவில்லாததும் இதுதான். ஊசியே தேவைப்படாது. பல்லை நுரைக்கல் தூள் குழம்பால் தேய்த்துக் கழுவி, 37 வீதப் பொசுபோரிக் அமில ஜெல்லை 20 செக்கன் அளவு வைத்துக் கழுவி உலர்த்தி, ஒட்டுப் பசை பூசி, கொம்பைச் சுற்றி கொம்பொசிற் என்ற பல் நிற அடைபொருளை இளகிய நிலையில் வரம்பு கட்டுவதுபோல ஊற்றி ஒளியால் இறுக்கிவிடுவார்கள். வாழைக்குட்டியைச் சுற்றி மண் அணைப்பதுபோல, கொம்பு தனியே நிற்காமல் பக்கபலம் பெறுகிறது. மேற்பல் முட்டும் இடத்தைக் காபன் தாளால் பார்த்து, முட்டும் மேற்பல் முகட்டைச் சற்றே தேய்ப்பார்கள். கொம்பொசிற் தேயத் தேயக் கொம்பும் மெல்ல மெல்லத் தேயும். அந்த இடைவெளியில் பற்கூழ் உள்ளே டென்டீனைக் கட்டிப் பின்வாங்கிக்கொள்ளும்.

பழைய முறையொன்றும் உண்டு: ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை கொம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஒவ்வொருமுறையும் புளோரைட்டுப் பூசுவது. தத்துவம் சரிதான். ஆனால் நாலைந்து வருகைகள் தவறாமல் வரவேண்டும். கொம்புக்குள் பற்கூழ் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது எக்ஸ்றேயில் எப்போதும் தெரிவதில்லை என்பதால், ஒரு சீவல் கூடிப்போனாலே வாசல் திறந்துவிடும். வரம்பு கட்டும் முறைதான் மேல் என்பது எங்கள் கருத்து. ஒரே தடவையில் "தட்டையாக்கிவிடுங்கள்" என்று ஒருபோதும் கேட்கவேண்டாம்.

உடைந்துவிட்டது, ஆனால் உயிர் இருக்கிறது

உடைந்து சில நாட்களே ஆகி, பற்கூழ் சிவப்பாக இருந்தால் பல் அதிர்ஷ்டசாலி. விறைப்பு ஊசி போட்டு, றப்பர் விரிப்பால் பல்லைத் தனிமைப்படுத்தி, நீர் பாயும் வைரமுனைத் துளைப்பானால் பற்கூழின் மேல்பகுதி 2 மில்லிமீற்றர் அளவு மட்டும் அகற்றப்படும். கிருமிகொல்லித் திரவமான சோடியம் ஐப்போகுளோரைற்றில் நனைத்த பஞ்சை வைத்தால் ஐந்து நிமிடமளவில் இரத்தம் நிற்கவேண்டும். நிற்காமல் கசிந்தால் அழற்சி இன்னும் கீழே இருக்கிறது என்று பொருள், இன்னும் சற்று ஆழமாக எடுக்கவேண்டும். நின்றதும் எம்.ரி.ஏ. அல்லது பயோடென்டீன் என்ற கல்சியம் சிலிக்கேற்றுச் சீமெந்தை 2 மில்லிமீற்றர் தடிப்பில் வைத்து, மேலே கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு அடைபொருள், அதற்குமேல் கொம்பொசிற். கீழே மீதியிருக்கும் பற்கூழ் தன் பூச்சு வேலையைத் தொடரும், வேர் தானாகவே முற்றும். இறந்த பல்லுக்கு எவ்வளவு செலவழித்துச் செய்தாலும் இந்த விளைவுக்கு ஈடாகாது. ஆகவே கொம்பு உடைந்ததைக் கண்டால் கிளினிக்குக்கு அடுத்த மாதம் போகலாம் என்று விடக்கூடாது.

இறந்த பல்லுக்கு

முதலில் ஒரு விடயம். கொப்புளத்துக்கு அன்ரிபயோற்றிக் குளிசை கொடுத்தால் சிதல் வற்றும், ஒரு மாதத்தில் திரும்பி வரும். இறந்த பற்கூழுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. குளிசை அங்கே போய்ச் சேர வழியில்லை. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால்தான் குளிசைக்கு வேலை. அதுவும் பல்லைத் திறந்து கழுவுவதோடு சேர்த்துத்தான். தாடைக்குக் கீழே வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால் அது வேறு விடயம். இரவென்றாலும் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். உடைந்த துவாரத்தில் கராம்பெண்ணெயோ வேறு எதுவுமோ வைத்து அடைக்கவேண்டாம்.

1960களிலிருந்து நீண்டகாலம் செய்யப்பட்ட முறை, குழாய்க்குள் கல்சியம் ஐதரொட்சைட்டுப் பசையை அடைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி, நுனியில் சுண்ணாம்புத் தடுப்பொன்று உருவாகும்வரை காத்திருப்பது. ஆறு மாதமும் ஆகலாம், ஒன்றரை வருடத்துக்கு மேலும் ஆகலாம். தடுப்பு உருவாகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கடுங்காரம் டென்டீனைப் பிணைத்திருக்கும் புரதத்தைப் பலவீனப்படுத்துகிறது. சுவீடன் வைத்தியர் ஸ்வெக் இப்படிச் சிகிச்சைபெற்ற முன்பற்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட முடிவில், கழுத்துப் பகுதியில் உடைந்தவை வேர் வளர்ச்சிக்கேற்ப 28 முதல் 77 வீதம் வரை இருந்தன. மிகக் குறைவாக வளர்ந்த வேர்கள்தான் அதிகம் உடைந்தன. ஆகவே இன்று அந்தப் பசை குழாயைக் கிருமிநீக்க ஒன்று முதல் நான்கு கிழமைக்கு மட்டும். மாதக்கணக்கில் அதை வைத்துக் காத்திருக்கும் திட்டத்தை உங்கள் பிள்ளைக்குச் சொன்னால் வேறு வழி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இரண்டாவது முறை, நுனியில் நாங்களே சில்லு வைப்பது. 1990களில் அமெரிக்காவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொரபினெஜாட் குழுவினர் உருவாக்கிய எம்.ரி.ஏ. இதற்கு வந்த பொருள். கட்டடச் சீமெந்தின் இனத்தைச் சேர்ந்தது. ஈரத்தில் இறுகும். எலும்பும் இழையமும் அதை வெறுப்பதில்லை. முதல் வருகையில் பல்லைத் திறந்து, நீளத்தை எக்ஸ்றேயால் அளப்பார்கள். நீளம் காட்டும் மின்கருவி அகன்ற நுனியில் பிழைக்கும். சுவரைச் சுரண்டாமல் கழுவலையே நம்பிக் கிருமி நீக்கி, கல்சியம் ஐதரொட்சைட்டு வைத்து மூடுவார்கள். இரண்டாம் வருகையில் தூள் மூன்று பங்கு, நீர் ஒரு பங்காகக் குழைத்த எம்.ரி.ஏ.யைச் சிறிது சிறிதாக இறக்கி, நுனியில் 4 முதல் 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு அமர்த்துவார்கள். உடனே எக்ஸ்றே எடுத்துப் பார்க்கவேண்டும். இடையில் வெற்றிடம் தெரிந்தாலோ எலும்புக்குள் தள்ளுப்பட்டிருந்தாலோ இறுக முதல் கழுவி எடுத்துத் திரும்பச் செய்யலாம், இறுகியபின் முடியாது. அது இறுக மூன்று மணித்தியாலம் அளவு பிடிக்கும். அதனால் மேலே ஈரப்பஞ்சு வைத்து மூடி, இன்னொரு நாளில் இறுகியதைத் தொட்டுப் பார்த்து மேலே அடைப்பார்கள். பயோடென்டீன் என்றால் பன்னிரண்டு நிமிடமளவில் இறுகும். மேல்பகுதியைக் கழுத்துக்குக் கீழ்வரை கொம்பொசிற்றால் ஒட்டி அடைப்பது நல்லது, மெல்லிய சுவருக்கு அது உள்ளிருந்து தாங்கு. ஆனால் இந்த முறையில் வேர் நீளாது, சுவரும் தடிக்காது. இருப்பதை மூடிப் பாதுகாக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது முறை, நின்றுபோன வேரை மறுபடி வளரவைக்கும் முயற்சி. யப்பானில் இவாயா குழுவினர் 2001இல் வெளியிட்ட 13 வயது நோயாளியின் பல், நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல். கிருமியை நீக்கி, குழாயை வெறுமையாக விட்டார்கள். 30 மாதத்தில் சுவர் தடித்து நுனி மூடியது. 2004இல் பாங்ஸ், துரோப் இருவரும் இரத்தக்கட்டியை உள்ளே உருவாக்கும் வடிவத்தில் இதைச் செய்து காட்டினார்கள். நுனிக்கப்பால் பப்பிலாவின் தண்டுக்கலங்கள் கொஞ்சமாவது பிழைத்திருந்தால், அவற்றைக் குழாய்க்குள் வரவழைத்துக் குடியேற்றுவதுதான் நோக்கம்.

செய்முறை இப்படி. முதல் நாள் றப்பர் விரிப்பு போட்டு, 1.5 வீத ஐப்போகுளோரைற்று 20 மில்லிலீற்றரை, முனை மூடிப் பக்கத்தில் துளையுள்ள ஊசியால், நுனிக்கு ஒரு மில்லிமீற்றர் முன்னால் நிறுத்தி, ஐந்து நிமிடம் எடுத்து மெல்லக் கழுவவேண்டும். செறிவு கூடினால் கிருமியோடு தண்டுக்கலமும் சாகும். அவசரமாக அமத்தினால் அகன்ற நுனியால் திரவம் எலும்புக்குள் போய், பிள்ளை துடிக்கும் நோவும் முகவீக்கமும் கன்றலும் வரும். இந்தச் சிகிச்சையில் நடக்கக்கூடிய மிகப் பயங்கரமான விபத்து இதுதான். பிறகு சேலைன் என்ற உப்புநீராலோ ஈ.டி.ரி.ஏ. என்ற கழுவு திரவத்தாலோ கழுவி, காகித முனைகளால் உலர்த்தி, கல்சியம் ஐதரொட்சைட்டோ மருந்துப் பசையோ வைத்து 3, 4 மில்லிமீற்றர் தற்காலிக அடைப்பால் மூடி, ஒன்று முதல் நான்கு கிழமை விடுவார்கள். சிப்ரோஃபிளொக்சசின், மெற்றோனிடசோல், மினோசைக்கிளின் மூன்றும் சேர்ந்த பசைதான் பிரபலம். ஆனால் மினோசைக்கிளின் பல்லைச் சாம்பல் நிறமாக்கும். செறிவும் மில்லிலீற்றருக்கு 1 முதல் 5 மில்லிகிராமுக்குள் நிற்கவேண்டும்.

திரும்பி வரும்போது கொப்புளம் ஆறியிருக்கவேண்டும். ஆறவில்லையென்றால் அடுத்த படிக்குப் போகாமல் முதல் நாள் வேலையையே திரும்பச் செய்யவேண்டும். ஆறியிருந்தால் அட்ரினலின் கலக்காத விறைப்பு ஊசிதான் போடவேண்டும். அட்ரினலின் இரத்தக்குழாயை ஒடுக்கிவிடும், இங்கே தேவைப்படுவதே இரத்தம். 17 வீத ஈ.டி.ரி.ஏ. 20 மில்லிலீற்றரால் கழுவுவது டென்டீனுக்குள் பூட்டிக்கிடக்கும் வளர்ச்சிக் காரணிகளை வெளியே விடும். பின்பு முனை வளைத்த ஃபைலை நுனிக்கு அப்பால் 2 மில்லிமீற்றர் செலுத்தி மெல்லச் சுழற்றினால் குழாய்க்குள் இரத்தம் ஏறும். பல்லின் கழுத்துக்குச் சற்றுக் கீழே அதை நிறுத்தி, உறையவிட்டு, கொலாஜன் என்ற புரதத்தாலான துண்டொன்றை வைத்து, மேலே 3 மில்லிமீற்றர் எம்.ரி.ஏ., அதற்குமேல் கிளாஸ் அயனோமர், கொம்பொசிற். கொலாஜன் இல்லாமல் வைத்தால் சீமெந்து உறைந்த இரத்தத்துக்குள் அமிழ்ந்துபோகும். முன்பல்லென்றால் நிறம் மாற்றாத சீமெந்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். எம்.ரி.ஏ.யில் இருக்கும் பிஸ்மத் சேர்வை பல்லைக் கருமையாக்கும்.

இது எப்போதும் பலிப்பதில்லை. இரத்தம் ஏறாமலே போகலாம். நோயும் கொப்புளமும் மாறி எலும்பு ஆறினாலும் வேர் வளராமல் நிற்கலாம். குழாய் முழுவதும் சுண்ணாம்பு கட்டிப்போகலாம். உள்ளே வளர்ந்தவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது பெரும்பாலும் உண்மையான பற்கூழ் இருக்கவில்லை. எலும்பையும், வேரைப் போர்த்தியிருக்கும் சீமெந்தம் என்ற படையையும் ஒத்த இழையம்தான் இருந்தது. அப்படியானாலும் சுவர் தடிப்பது இந்தப் பல்லுக்குப் பெரிய காரியம்.

சில்லு வைப்பது, வளரவைப்பது இரண்டில் எது? வேர் பாதியளவே வளர்ந்து சுவர் தாள்போல இருந்தால் வளரவைக்கும் முயற்சி செய்யத் தகும், ஏனெனில் சில்லு வைத்தாலும் அந்தச் சுவர் நாளைக்கு உடையும். வேர் நீளம் ஏறக்குறைய முடிந்து நுனி மட்டும் திறந்திருந்தால் எம்.ரி.ஏ. சில்லே போதும், விளைவும் முன்கூட்டியே தெரியும். வேர் மிகக் கட்டையாகி, பல் ஆடி, அத்தோடு பிள்ளைக்குப் பல் நெருக்கமும் இருந்தால், அந்தப் பல்லை எடுத்து இடைவெளியைக் கம்பி போட்டு மூடுவதும் நல்ல சிகிச்சைதான். ஆனால் அது பல் சீரமைப்பு நிபுணர் பார்த்தபின் எடுக்கும் முடிவு. கொப்புளத்தைக் கண்ட அன்றே எடுப்பதல்ல.

மடிந்த பல்லில், அதாவது டென்ஸ் இன்வாஜினேற்றஸில், முதல் வேலை பின்புறக் குழியைப் பல் முளைத்த கையோடு அடைத்துவிடுவது. கெட்டபிறகு, மடிப்பு எவ்வளவு ஆழம் என்பதுதான் எல்லாம். ஓலர்ஸ் 1957இல் பிரித்த மூன்று வகையில் முதலாவது வெளிப்பல்லோடு நிற்கும், இரண்டாவது வேருக்குள் இறங்கும், மூன்றாவது வேரைத் துளைத்து வெளியே திறக்கும். மூன்றாவது வகையில் மடிப்பு கெட்டும் உண்மையான பற்கூழ் உயிரோடு இருப்பதுண்டு. மடிப்பை மட்டும் சுத்தம்செய்து அடைத்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ள சாதாரண எக்ஸ்றே போதாது, சி.பி.சி.ரி. என்ற முப்பரிமாணப் படம் வேண்டும்.

எங்கே போவது, எவ்வளவு காலம்

பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் அல்லது பக்கத்து வைத்தியசாலைப் பல் பிரிவில் தொடங்கலாம். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குத் துண்டு தருவார்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு. கண்டி வீதியில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம் அது. இந்தச் சிகிச்சை குறைந்தது இரண்டு வருகை, பெரும்பாலும் மூன்று நான்கு. ஆகவே தொடங்க முதலே எத்தனை தடவை வரவேண்டும், மருந்து வைத்து மூடிய நிலையில் அதிகபட்சம் எத்தனை நாள் விடலாம் என்று கேட்டு, பாடசாலைத் தவணைச் சோதனைக்கும் விடுமுறைக்கும் ஏற்ப நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்ட பல்லில் தற்காலிக அடைப்பு கழன்று கிருமி திரும்பப் போவதுதான் பல நல்ல சிகிச்சைகள் வீணாவதற்குக் காரணம்.

முடிந்தபிறகு 6, 12, 24 மாதங்களில் எக்ஸ்றே. எலும்பு ஆறுவது முதல் ஆறு தொடக்கம் பன்னிரண்டு மாதத்தில் தெரியும், சுவர் தடிப்பது ஒன்று தொடக்கம் இரண்டு வருடத்தில். ஒவ்வொரு படத்தையும் முதல் நாள் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பழைய படங்களைக் கிளினிக்கில் இருக்கும் என்று விடாமல் தொலைபேசியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நோ மாறியது என்று வராமல் விடவேண்டாம். தோற்கும் பல் பெரும்பாலும் நோகாமலே தோற்கும்.

முதல் வருகையின்போதே மறுபக்கத்துச் சோடிப் பல்லையும் உலர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். அது இப்போதுதான் முரசை விட்டு எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கலாம், கொம்பு முழுதாக இருக்கலாம். அப்படியென்றால் அதைச் சுற்றி வரம்பு கட்டுவதற்கு இன்னொரு நாள் தேவையில்லை, அன்றைக்கே செய்துவிடலாம்.